அழைத்தலும் அடைக்கலமும்

செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனவர்களுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் நெரிசல் தெரிந்திருக்கும். கத்தோலிக்கர் மட்டுமல்லர், இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு நிற்பர். அக்கோவிலின் தொடக்கம் ஒரு தலைமறைவு வாழ்க்கை என்பதைப் பலர் அறியார்.

போர்த்துக்கேயரிடமிருந்து 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658இல் ஆணை பிறந்தது. ஒரு தலைமுறைக் காலம் மக்கள் குருவானவரின்றி வாழ்ந்தனர்.

இச்செய்தி கோவாவில் யோசப் வாஸ் என்ற இளங்குருவை உலுக்கியது. இலங்கைக்கே தாம் அழைக்கப்பட்டிருப்பதாக உணர்ந்தார். ஆனால் மேலிடமோ 1681இல் அவரைக் கனராவுக்கு அனுப்பியது. மறுப்பின்றிப் போனார், எண்ணத்தையும் விடவில்லை. 1687இல், தமது 36ஆவது வயதில், பரதேசிக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைச்சல். தேறியபின் கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையை யார் உற்று நோக்குகிறார்கள் என்று பார்ப்பதே அவரது தேடல்.

சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்தனர். நத்தார் இரவொன்றில் ஒல்லாந்தர் வளைத்தபோது அவர் தப்பினார். மக்கள் சிறை சென்றனர். 1692இல் கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று ஐயுற்று அவரையே சிறையிட்டனர். பின்னர் அதே கண்டி மன்னனின் ஆதரவைப் பெற்றார். ஒல்லாந்தரின் தலைமையிடமான கொழும்பினுள்ளும் இரகசியமாக வந்து பணி செய்தார். 1696இல் துணைக்குருமார் வரும்வரை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் தனியொருவராகவே உழைத்தார். கோவாவுக்குத் திரும்பாமலே 1711இல் கண்டியில் மறைந்தார்.

அவருக்குப்பின் அதே ஆபத்தில் வாழ்ந்தவருள் ஒருவர் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ அடிகளார். பகலில் மீன் வியாபாரி, இரவில் குருவானவர். அவரை மறைத்தவர்கள் கொழும்புக் கடற்கரை மீனவர்கள். ஊரை அரித்த கடல், அவர் நட்ட சிலுவையின் முன் பின்வாங்கியதென்பது செவிவழி மரபு. அதன்பின் அமைந்த சிற்றாலயமே இன்றைய கோவிலாக வளர்ந்தது என்பர். ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கினர்.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், யோசப் வாஸைப் புனிதராக அறிவித்தார். அவர் பிறந்த நாள் 1651 ஏப்ரல் 21. அதே ஏப்ரல் 21ஆம் திகதி, 2019இல், உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது கொச்சிக்கடைக் கோவிலில் குண்டு வெடித்தது. அன்றைய தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜூன் 12இல் கோவில் மீண்டும் திறக்கப்பட்டது. மக்கள் திரும்பி வந்தனர்.

இறையழைத்தலில் உறுதி என்பது தனியொருவரின் நெஞ்சில் திடீரெனச் சுடர்விடும் ஒளி என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். இவ்வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஐயமும் நோயும் தாமதமும் யோசப் வாஸுக்கும் இருந்தன. செபமாலையைக் கண்டு கதவு திறந்த ஒவ்வொரு வீடும் அவரது அழைத்தலுக்குச் சான்றளித்தது. உயிரைப் பணயம் வைத்துக் கதவு திறந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. அழைக்கப்பட்டவர்கள் அவர்களுந்தான்.