நைல் நதிக்கரையில் ஒரு வட்டியில்லாச் சேமிப்பு வங்கி

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

இஸ்லாமியப் பொருளியல் என்றதும் வளைகுடா நாடுகளின் வானளாவிய கட்டடங்களும் அவற்றில் இயங்கும் பெரும் வங்கிகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் நவீன காலத்தில் வட்டியில்லா வங்கிமுறை முதன்முதலாக வேர்விட்ட இடங்களுள் ஒன்று, எகிப்தின் நைல் டெல்டாவில் உள்ள மீத் கம்ர் என்னும் சிறிய நகரமாகும். ஆண்டு 1963. எண்ணெய்ப் பணம் பெருகுவதற்குச் சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன்பு அது நடந்தது. அதன் வாசலுக்கு வந்தவர்கள் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சிறு வணிகர்களுமே ஆவர்.

'அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி' என்றும் 'நிலைத்த வளர்ச்சி' என்றும் உலக அரங்குகளில் இன்று விரிவாகப் பேசப்படுகிறது. அதன் உட்பொருளை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சில ஆயிரம் ஏழைகளின் கைகள் செய்து காட்டின. அந்த வரலாற்றை நம் ஜமாஅத் மக்கள் அறிந்துகொள்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

வங்கிக்கு வெளியே நின்றவர்கள்

அன்றைய எகிப்தில் வங்கிகள் நகரத்தாருக்கும் பெரும் வணிகர்களுக்கும் உரியனவாக இருந்தன. கிராமத்து விவசாயி வட்டிக்கு அஞ்சி அவற்றின் பக்கம் செல்லவில்லை. சென்றிருந்தாலும் அடமானம் வைக்க ஏதுமற்ற அவரை எந்த வங்கியும் வரவேற்றிருக்காது. அவருடைய சிறு சேமிப்பு மனைவியின் நகையாகவும் ஆடு மாடாகவும் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தது.

இங்கே ஒரு நுட்பமான உண்மையை நாம் கவனிக்க வேண்டும். வட்டி வாங்கக் கூடாது என்று வங்கியை விட்டு விலகி நின்ற அதே மனிதர், விதை வாங்கும் பருவத்திலோ நோய் வந்த வேளையிலோ கடன்காரரிடம் சென்று வட்டி கொடுப்பவராகி விடுகிறார். ஹராமைத் தடுப்பது மார்க்கத்தின் ஒரு பாதி. அதற்குப் பகரமாக ஹலாலான வழியைத் திறந்து வைப்பது மறு பாதி. அந்த மறு பாதி இல்லாதபோது முதல் பாதியைப் பேணுவது ஏழைக்கு மிகக் கடினமாகி விடுகிறது.

மூன்று கணக்குகள்

இந்த உண்மையை உணர்ந்தவர் டாக்டர் அஹ்மத் அந்நஜ்ஜார் என்னும் எகிப்தியப் பொருளியல் அறிஞர். மேற்கு ஜெர்மனியில் உயர்கல்வி கற்ற அவர், அந்நாட்டின் ஊர்தோறும் இருந்த சேமிப்பு வங்கிகளை அருகிருந்து கண்டார். ஓர் ஊர் மக்களின் சேமிப்பு அந்த ஊர்த் தொழிலுக்கே மூலதனமாகும் அமைப்பு அவரைக் கவர்ந்தது. அதிலிருந்து வட்டியை நீக்கி, முஸ்லிம் விவசாயியின் மனச்சான்றுக்கு ஏற்ப அமைத்ததே மீத் கம்ர் சேமிப்பு வங்கி. அன்றைய அரசியல் சூழலைக் கருதி, 'இஸ்லாமிய' என்ற சொல்லை அதன் பெயரில் அவர் சேர்க்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பெயரில் இல்லாத இஸ்லாம் அதன் நடைமுறையில் இருந்தது.

அவ்வங்கியில் மூன்று வகைக் கணக்குகள் இருந்தன. முதலாவது சேமிப்புக் கணக்கு. இதற்கு வட்டியும் இல்லை, இலாபமும் இல்லை. வேண்டும்போது பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தொடர்ந்து சேமித்தவர்களுக்கு, தொழில் தேவைக்காகச் சிறு தொகையை வட்டியில்லாக் கடனாகப் பெறும் உரிமை இருந்தது. இரண்டாவது முதலீட்டுக் கணக்கு. இதில் சேர்ந்த பணம் தொழில்களில் கூட்டாக முதலீடு செய்யப்பட்டு, இலாபமும் நட்டமும் பங்கிடப்பட்டன. நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் முளாரபாவும் முஷாரகாவும் இவையே. மூன்றாவது சமூக சேவை நிதி. ஜகாத்தும் நன்கொடைகளும் இதில் சேர்ந்தன. இடர்ப்பட்டோருக்கு இதிலிருந்து உதவி கிடைத்தது.

கடன் பெறத் தகுதி தருவது சொத்து அன்று, சேமிக்கும் ஒழுக்கமே என்பது இவ்வமைப்பின் உயிர்நாடியாக இருந்தது. தொழிலுக்குத் தகுதியானவருக்குக் கடன், துணிந்து முதலிட்டவருக்குப் பங்கு, இயலாதவருக்கு ஜகாத் என மூன்று நிலையினருக்கும் அங்கே இடம் இருந்தது.

முதலாண்டில் சுமார் 17,500 பேர் சேமிக்க முன்வந்தனர். அவர்கள் சேர்த்த மொத்தத் தொகை ஏறத்தாழ 41,000 எகிப்தியப் பவுண்டு. 1967-ஆம் ஆண்டளவில் ஒன்பது கிளைகளிலும் சேமிப்போர் 2,50,000-ஐத் தாண்டினர். தொகை 18 இலட்சம் பவுண்டைக் கடந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஏழு பவுண்டு சொச்சமே வரும். பெரும் செல்வந்தர்களின் பணம் அங்கே குவியவில்லை, சிறு துளிகளே சேர்ந்தன என்பதற்கு இக்கணக்கே சாட்சி.

எனினும் அரசு அவ்வங்கியைத் தனித்து இயங்க விடவில்லை. 1967-68 காலத்தில் அதன் கிளைகள் அரசு வங்கிகளின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, வட்டியில்லா முறை கைவிடப்பட்டது. பின்னர் 1971-இல் எகிப்திய அரசே, வட்டியின்றிச் சமூக உதவிக் கடன்கள் வழங்க நாஸிர் சமூக வங்கியை நிறுவியது. மூடப்பட்ட கதவின் தேவை அத்தனை விரைவில் உணரப்பட்டது.

மலேசியாவின் ஹஜ் சேமிப்பு

அதே 1963-ஆம் ஆண்டில் கிழக்கே மலேசியாவிலும் ஒரு விதை ஊன்றப்பட்டது. அங்கிருந்த ஏழை முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்காக ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே பணத்தைச் சேர்த்து வைத்தனர். போதாதபோது நிலத்தையும் கால்நடைகளையும் விற்றனர். கடமையை முடித்துத் திரும்பியபோது வாழ்வாதாரம் இன்றி நின்றனர். இதைக் கண்ட பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் 1959-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஹஜ்ஜுக்கான சேமிப்பை வட்டியில்லாத முறையில் ஒன்றுதிரட்டி, ஆகுமான தொழில்களில் முதலிட்டு, வரும் இலாபத்தைச் சேமித்தவர்களுக்கே வழங்க வேண்டும் என்பதே அத்திட்டம். இன்று தாபோங் ஹாஜி என்று அழைக்கப்படும் அந்நிறுவனத்தில் 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கணக்கு வைத்துள்ளனர்.

ஆயினும் அதன் வரலாறு முழுவதும் வெற்றி வரலாறு அன்று. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் சொத்துகளைவிடப் பொறுப்புகள் ஏறத்தாழ 400 கோடி ரிங்கிட் கூடுதலாக இருந்தது 2018-இல் வெளிவந்தது. அரசு தலையிட்டு, நலிந்த சொத்துகளைத் தனி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிச் சீரமைக்க நேர்ந்தது. வட்டி இல்லை என்பது மட்டுமே ஒரு நிறுவனத்தைக் காத்துவிடாது. கணக்கும் கண்காணிப்பும் தளர்ந்தால் ஹஜ்ஜுக்காகச் சேர்த்த பணமும் ஆபத்துக்குள்ளாகும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

எண்ணெய்ப் பணத்திற்குப் பின்

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தது. 1975-இல் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும், அதே ஆண்டில் துபை இஸ்லாமிய வங்கியும் செயற்படத் தொடங்கின. வட்டியில்லா வங்கிமுறை கனவு அன்று என்பதை இவை உலகிற்கு மெய்ப்பித்தன. இந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் காலப்போக்கில், பங்காளியாக நின்று இலாப நட்டத்தை ஏற்கும் முறை சுருங்கி, பொருளை வாங்கிக் குறிப்பிட்ட இலாபம் வைத்துத் தவணையில் விற்கும் முராபஹா முறையே பெருகிற்று. உரிய நிபந்தனைகளுடன் இது ஆகுமானதே. எனினும் மாதச் சம்பளமும் ஈடும் உள்ளவருக்கே இது எளிதில் கிட்டுகிறது. அலிகரில் பேராசிரியராக இருந்து 2022-இல் மறைந்த டாக்டர் முஹம்மது நஜாத்துல்லாஹ் சித்தீகி அவர்கள், தவர்ருக் போன்ற வழிகளில் கடன் பெருகுவதன் தீமை அதன் நன்மையைவிட மிகுதி என எச்சரித்தார். மீத் கம்ரின் விவசாயி மீண்டும் வங்கிக்கு வெளியே நிற்கக் கூடாது என்பதே இத்தகைய கவலையின் சாரம்.

நாம் பெறும் படிப்பினை

நம் நாட்டில் வங்கிச் சட்டம் வட்டியின் அடிப்படையிலேயே அமைந்துள்ளது. வட்டியில்லா வங்கிமுறையை மேற்கொண்டு முன்னெடுப்பதில்லை என்ற முடிவை ரிசர்வ் வங்கி 2017-இல் தெரிவித்தது. ஆகவே வங்கி வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சட்டத்திற்கு உட்பட்டு, ஒரு மஹல்லாவின் பைத்துல் மாலால் செய்யக் கூடியவை உள்ளன. தையல் இயந்திரம் வாங்க விரும்பும் விதவைக்கும், தள்ளுவண்டி வைக்க விரும்பும் இளைஞருக்கும் கர்ளன் ஹஸனாவாக ஒரு சிறு தொகை கிடைத்தால், தண்டல்காரரின் வாசலில் அவர்கள் நிற்கத் தேவையில்லை. இன்று ஜகாத் பெறுபவர் நாளை ஜகாத் கொடுப்பவராக உயர்வதே நிலைத்த வளர்ச்சியாகும்.

இதற்கு முதல் மூலதனம் அமானத். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது (2:282) என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். அதற்குச் சற்று முன்னுள்ள வசனமோ (2:280) நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்கக் கட்டளையிடுகிறது. எழுத்தில் கண்டிப்பும் வசூலில் கருணையும் ஒருங்கே இருக்க வேண்டும் என்பதே இவற்றின் போதனை. கண்டிப்பு இல்லையேல் நிதி கரையும்; கருணை இல்லையேல் அது வெறும் கடன் கடையாகி விடும்.

ஏழு பவுண்டு சேமித்த ஏழைகளால் ஒரு வரலாறு எழுதப்பட்டது. கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கவும், பெறுபவர் நாணயத்துடன் திருப்பிச் செலுத்தவும், பொறுப்பில் இருப்போர் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டவும் வல்ல ரஹ்மான் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.