சின்னத் திருடன் பிறந்த கதை

ஸ்பெயினுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் இருக்கின்றன பலேரிக் தீவுகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவுகளை முயல்கள் பிடித்துக்கொண்டன. யாரோ கொண்டுவந்து விட்ட ஒரே ஒரு ஜோடியில் தொடங்கிய வினை அது என்று கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ எழுதிவைத்தார். பயிர் அழிந்தது. வளை தோண்டித் தோண்டி மரங்கள் சாய்ந்தன, வீடுகள் சரிந்தன. வேறு வழி தெரியாத தீவு மக்கள் ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் போய், முயல்களை அடக்கப் படை அனுப்பும்படி மன்றாடினார்கள். ஆனால் முயல் வளைக்குள் நுழைய எந்தப் படைவீரனால் முடியும்? அதற்கென்றே ஒரு பிராணி ஸ்பெயின் பக்கத்து வேடர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

கீரியைப் போல நீண்ட உடல், குட்டைக் கால், கூரிய பல். ஐரோப்பியக் காடுகளில் திரியும் போல்கேட் என்ற வேட்டை விலங்கின் வழி வந்தது அது. முதன்முதலில் அதைப் பழக்கியவர் யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. போரடிக்கும் மாட்டுக்குப் போடுவதுபோல அதற்கு வாய்க்கூடு போட்டு வளைக்குள் அனுப்புவார்கள். முயல்கள் அலறியடித்து வெளியே ஓடிவரும், வேடர்கள் அமுக்குவார்கள். வாய்க்கூடு இல்லாவிட்டால் வேலை கெட்டது. உள்ளேயே முயலைக் கொன்று, வயிறு புடைக்கத் தின்று, அங்கேயே சுருண்டு தூங்கிவிடும். வேடன் மண்வெட்டியோடு மேலே காத்துக் கிடக்கவேண்டும். இப்படி ஏழையின் குழம்புச் சட்டிக்குக் கறி தேடித் தந்த பிராணிமீது ஒரு நாள் அரசாங்கத்தின் கண் விழுந்தது.

1390-இல் இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் காலத்துச் சட்டம் ஒன்று வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாதவர் வேட்டைநாயும் வலையும் இந்தப் பிராணியும் வைத்திருக்கக் கூடாது. பாதிரியாருக்கு வரம்பு 10 பவுண்டு. முயல் அப்போது பிரபுக்களின் சொத்து. சட்டம் இருந்தும் கோட்டுப் பைக்குள் ஒளித்து வளர்ப்பது நிற்கவில்லை. புதருக்குள் சட்டென்று கண்ணில் படவேண்டும் என்பதற்காக வெள்ளை நிறக் குட்டிகளைப் பலர் தேடி எடுத்தார்கள். குட்டியைத் தேர்ந்தெடுப்பதில் தவறவில்லை. தீனியில்தான் தவறினார்கள்.

கறி போட்டால் மூர்க்கம் ஏறும் என்று நம்பி, பாலில் ஊறிய ரொட்டியைத் தலைமுறை தலைமுறையாக ஊட்டினார்கள். அதன் குடலோ மிகக் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். மாவையும் நாரையும் செரிக்க அதில் அவகாசமே இல்லை. முழுக்க இறைச்சியில் வாழப் பிறந்த உயிர், ரொட்டியும் பாலும் தின்று வயிற்றுப்போக்கில் மெலிந்தது. அந்த நம்பிக்கை உடைவதற்குள் அது கப்பலேறிவிட்டது.

நியூசிலாந்திலும் முயல் தொல்லை. 1880-களில் இந்தப் பிராணியை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். முயல் ஒழியவில்லை, பறக்கத் தெரியாத பறவைகள் இரையாயின. கிவி இன்றும் அந்தத் தவற்றுக்கு விலை கொடுக்கிறது. 2002-இல் அங்கே இதை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் தடை வந்தது. உலகின் ஒரு மூலையில் இப்படிக் கெட்ட பெயர் எடுத்த பிராணி, இன்னொரு மூலையில் ஒரு தும்மலால் மருத்துவ வரலாற்றில் ஏறியது.

லண்டனின் மில் ஹில் ஆய்வகத்தில் நாய்களைக் கொல்லும் டிஸ்டம்பர் நோய்க்குத் தடுப்பூசி தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நோய் இந்தப் பிராணிக்கும் வரும் என்பதால் கூண்டுகளில் இது வளர்ந்தது. 1933-இல் ஊரெங்கும் ஃப்ளூ காய்ச்சல். ஆய்வாளர் ஆண்ட்ரூஸும் படுத்தார். அவர் தொண்டை கொப்பளித்த நீரைச் சக ஆய்வாளர் வில்சன் ஸ்மித் எடுத்து இதற்குச் செலுத்தினார். இரண்டே நாளில் காய்ச்சல், தும்மல். மனிதரின் ஃப்ளூ வைரஸ் அகப்பட்டது! 1936-இல் அப்படி நோயுற்ற ஒன்று ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற ஆய்வாளர் முகத்திலேயே தும்ம, அவரும் காய்ச்சலில் விழுந்தார். ஆனாலும் வேட்டைக்கும் சோதனைக்கும் வாழ்ந்த இது வீட்டுக் கூடத்துக்கு வர இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1980-களில் அமெரிக்கக் கடைகளில் ஃபெரெட் என்ற பெயரோடு செல்லப்பிராணியாக அது அமர்ந்தது. வாங்கியவர்கள் முதல் வாரமே கடி வாங்கினார்கள். கோபத்தால் கடித்ததல்ல அது. கூடப் பிறந்த குட்டிகளின் தோல் தடிமன். கவ்விப் பிடித்து உருள்வதுதான் அவற்றின் விளையாட்டு. மனிதத் தோல் மெல்லியது என்று குட்டிக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். தினமும் பலமுறை கையிலெடுத்து, கடித்தால் அடிக்காமல் விளையாட்டை நிறுத்திப் பொறுமையாகப் பழக்கிய வீடுகளில் கடி நின்றது. அடித்த வீடுகளில் பயந்து இன்னும் ஆழமாகக் கடித்தது. கடியைவிடப் பெரிய ஆபத்து பெண் குட்டிகளுக்குக் காத்திருந்தது.

இணை சேராத பெண் ஃபெரெட்டுக்குப் பருவச் சூடு தானாகத் தணியாது. மாதக்கணக்கில் நீடித்து, எலும்பு மஜ்ஜை கெட்டு, ரத்தம் வற்றிச் சாகும். அதனால் கருத்தடை செய்த குட்டிகளையே கடைகள் விற்றன. உயிர் பிழைத்தது. ஆனால் மிகச் சிறு வயதிலேயே அறுவை செய்தவற்றுக்குப் பின்னாளில் அட்ரீனல் சுரப்பி நோய் வருவதை மருத்துவர்கள் கண்டார்கள். எனவே இப்போது பலர் வயது பார்த்துச் செய்கிறார்கள், அல்லது ஹார்மோன் மருந்தைத் தோலடியில் பதிக்கிறார்கள். தீனியும் மாறியது. ரொட்டி போய் இறைச்சிப் புரதமும் கொழுப்பும் வந்தன. குட்டிப் பருவத்தில் முகர்ந்து பழகிய தீனியைத் தவிர வேறெதையும் வளர்ந்தபின் எளிதில் தொடாது என்பதால், அந்த வயதிலேயே இரண்டு மூன்று வகை கொடுத்தார்கள். 1990-இல் ரேபிஸ் தடுப்பூசிக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லாம் சரியானபின் வீடுகளில் புதுப் புகார் கிளம்பியது: சாவியைக் காணோம், காலுறையைக் காணோம்.

தேடினால் சோபாவுக்கு அடியில் குவியலாகக் கிடக்கும். காட்டில் போல்கேட் இரையை இழுத்துப்போய்ப் பதுக்கும் அதே பழக்கம். ஃபெரெட் என்ற பெயரின் மூலம் ‘ஃபுரித்துஸ்’ என்ற லத்தீன் சொல். அதற்குப் பொருள் சின்னத் திருடன்.