சென்னை அணியும் நட்சத்திர வீரர் பரிமாற்றமும் (2008–2025)

2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்து வீரர் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து சஞ்சு சாம்சனைப் பெற்றது. ஜடேஜா 2012 முதல் சென்னை அணிக்காக ஆடியவர். அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டுமே இதற்கு விலக்கு. ஐந்தாவது கோப்பையை அணிக்கு வாங்கிக் கொடுத்த கடைசி இரண்டு பந்துகளை அடித்தவரும் அவர்தான். அவரை அணி நிர்வாகம் மாற்றிக்கொண்டது பல ரசிகர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

ஒரு நட்சத்திர வீரரை வைத்து அணியைத் திரும்பக் கட்டுவதா, அவரை விற்று வேறு வீரர்களைப் பெறுவதா என்ற கேள்வி அமெரிக்கக் கூடைப்பந்தில் நெடுநாள் பழையது. தமிழகத்துக்கு அது 2008க்குப் பிறகு வந்தது. சென்னை அணி இந்தக் கேள்விக்கு எப்போதும் 'வைத்துக் கட்டுவது' என்ற பதிலையே தந்தது என்பது பொதுவான எண்ணம். அது ஒரே ஒரு வீரர் விஷயத்தில் உண்மை. அந்த ஒருவரைச் சுற்றி அணி கட்டப்பட்டபோதெல்லாம் வேறொரு நட்சத்திரம் வெளியேற வேண்டியிருந்தது. ஜடேஜா அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர்.

ஏலத்துக்கு முந்தைய காலம்

சென்னையில் வீரரை 'மாற்றிக்கொள்வது' என்ற பழக்கமே முன்பு கிடையாது. வீரர் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்தார். கூடைப்பந்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற அணிகளில் ஆடியவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைதான் ஒப்பந்தம். கிரிக்கெட்டில் செம்பியத்து ஆலையின் பெயரில் ஆடிய இந்தியா பிஸ்டன்ஸ், செம்பிளாஸ்ட் ஆதரவில் ஆடிய ஜாலி ரோவர்ஸ் ஆகியவை சென்னை லீக்கில் புகழ்பெற்ற அணிகள். ஒரு வீரர் அணி மாறினால் பெரும்பாலும் சம்பளம் தரும் முதலாளியும் மாறினார். அது வீரருக்கும் நிறுவனத்துக்கும் இடையே முடியும் விஷயம். ஒரு வீரருக்கு ஈடாக இன்னொரு வீரரைக் கைமாற்றுவது யாருடைய நினைப்பிலும் இல்லை.

2008 ஏலமும் தோனியும்

ஐ.பி.எல். தொடங்கியபோது இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னை அணியை வாங்கியது. மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், மொகாலிக்கு யுவராஜ், டெல்லிக்கு சேவாக் என ஐந்து அணிகளுக்கு 'ஐகான்' வீரர்கள் தரப்பட்டார்கள். சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. அப்போது அது குறையாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஐகான் வீரருக்கு அணியின் அடுத்த உயர்ந்த சம்பளத்தைவிட 15 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்று விதி இருந்தது. ஆகவே ஐகான் வைத்திருந்த அணி வேறொருவருக்கு எவ்வளவு உயர்த்திக் கேட்கிறதோ, அந்த அளவுக்கு ஐகானின் சம்பளமும் ஏறும். சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மகேந்திர சிங் தோனியை எடுத்தது. அன்றைய ஏலத்தில் மிக உயர்ந்த விலை அதுதான். சொந்த ஊர் நட்சத்திரம் இல்லாததால்தான் ராஞ்சிக்காரர் ஒருவர் சென்னையின் முகமாக ஆனார்.

அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் சென்னை ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோற்றது. ஷேன் வார்னின் அந்த ராஜஸ்தான் அணியில் 19 வயது ஜடேஜாவும் இருந்தார்.

பேரம் பேசித் தடை வாங்கிய வீரர்

ஜடேஜாவின் கதை இந்தப் பொருளுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. 2009இல் ஐ.பி.எல். அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம் தொடங்கியது. ஜாகீர் கான் பெங்களூரிலிருந்து மும்பைக்கும் ராபின் உத்தப்பா மும்பையிலிருந்து பெங்களூருக்கும் இடம் மாறினார்கள். ஆனால் பரிமாற்றத்தை அணிகள்தாம் பேச வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் தானாக வேறு அணியிடம் பேரம் பேசக்கூடாது. ராஜஸ்தானிடம் ஒப்பந்தம் இருக்கும்போதே மும்பையுடன் பேசினார் என்பதற்காக ஜடேஜா 2010 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு 9 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கொச்சி அணி அவரை எடுத்தது. ஓராண்டில் அந்த அணியே கலைக்கப்பட்டது.

2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அவருக்காக மோதின. இரண்டு அணிகளும் அப்போதைய உச்சவரம்பான 20 லட்சம் டாலரைத் தொட்டுவிட, மூடிய உறையில் கூடுதல் தொகை எழுதிக் கொடுக்கும் முறையில் சென்னை வென்றது. அந்தக் கூடுதல் தொகை கிரிக்கெட் வாரியத்துக்குப் போனது, எவ்வளவு என்பது அறிவிக்கப்படவில்லை. அணி ஒரு பந்தயம் கட்டியது, அது பலித்தது என்பதில் சந்தேகமில்லை.

வெளியேறியவர்கள்

ஐ.பி.எல்.லில் ஓர் அணியை நீண்ட காலத்துக்குக் கட்ட முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து அணியைக் கலைத்துப் போடும். கைவிரல்களில் எண்ணக்கூடிய சிலரை மட்டுமே தக்கவைக்கலாம். அந்தச் சிலரில் தோனியின் இடம் எப்போதும் உறுதியானது. எனவே கேள்வி மற்றவர்களைப் பற்றியதாகவே இருந்தது.

2018இல் இது முதன்முறையாக வலித்தது. தடைக்குப் பின் திரும்பிய சென்னை தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் தக்கவைத்தது. இந்திய அணிக்கு ஆடிய வீரர்களில் மூவருக்கு மேல் தக்கவைக்க அந்த முறை விதி இடம் தரவில்லை. அதனால் ரவிச்சந்திரன் அஸ்வின் ஏலத்துக்கு வந்தபோது, பழைய வீரரை அதே விலைக்குத் திரும்ப எடுக்கும் உரிமையைப் பயன்படுத்த முடியாமல் போனது. 7 கோடியே 60 லட்சத்துக்குப் பஞ்சாப் அவரை எடுத்துச் சென்றது. சேப்பாக்கத்து மண்ணில் வளர்ந்த சுழல் பந்துவீச்சாளரைவிட சௌராஷ்டிரத்து ஆல்-ரவுண்டர் மேல் என்று அணி முடிவு செய்தது. அந்த ஆண்டே கோப்பை வந்ததால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அடுத்து சுரேஷ் ரெய்னா. 'சின்னத் தல' என்று கொண்டாடப்பட்டவரை 2022 பெரிய ஏலத்துக்கு முன் அணி விடுவித்தது. ஏலத்தில் சென்னை உட்பட எந்த அணியும் அவரைக் கேட்கவில்லை. ஆட்டத்திறன் குறைந்திருந்தது உண்மை. ஆனாலும் ஒருவரின் பெயர் வாசிக்கப்பட்டு, அரங்கு மௌனமாக இருந்து, அடுத்த பெயருக்குப் போவது போன்ற கொடுமையான முடிவு வேறொரு தொழிலில் பகிரங்கமாக நடக்காது.

பட்டம் மாறியும் மாறாத இடம்

அதே 2022இல் அணி முதன்முறையாக ஜடேஜாவைத் தோனிக்கு மேலே வைத்தது. முதல் தக்கவைப்பாக ஜடேஜாவுக்கு 16 கோடி, இரண்டாவதாகத் தோனிக்கு 12 கோடி. மார்ச் 24 அன்று தலைமையும் ஜடேஜாவிடம் வந்தது. எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்வி. ஏப்ரல் 30 அன்று அவர் தலைமையைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார். தோனி களத்தில் நிற்கும்போது வேறொருவர் பீல்டிங் அமைப்பது நடைமுறையில் எவ்வளவு கடினம் என்பதை அந்த ஐந்து வாரங்கள் காட்டின.

2023 மே மாத இறுதியில் அகமதாபாத்தில் குஜராத்துக்கு எதிரான இறுதி ஆட்டம். கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் தேவை. மோகித் சர்மாவின் பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். தோனி அந்த ஆட்டத்தில் முதல் பந்திலேயே ஆட்டமிழந்திருந்தார். வென்றதும் அவர் ஜடேஜாவைத் தூக்கிக்கொண்ட காட்சி ரசிகர்களின் நினைவில் நின்றது. அதே பருவத்தில், தோனியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தான் சீக்கிரம் ஆட்டமிழக்க வேண்டுமென்று கூட்டம் காத்திருப்பதை ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அணி முதலாவதாகத் தக்கவைத்த வீரர் சொன்ன வார்த்தை அது. சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

நான்கு கோடி ரூபாய்

2025 பருவத்துக்கு முன் ஒரு பழைய விதி திரும்பி வந்தது. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, இந்தியாவுக்கே ஆடாதவராகக் கருதி 4 கோடிக்குத் தக்கவைக்கலாம். தோனியின் கடைசிச் சர்வதேச ஆட்டம் 2019 ஜூலையில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதி. கணக்கு பொருந்தியது. ருதுராஜ் கெய்க்வாட்டுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி, பதிரானாவுக்கு 13, சிவம் துபேக்கு 12, தோனிக்கு 4. இந்தியாவுக்கு இரண்டு உலகக் கோப்பைகள் வாங்கித் தந்தவர் காகிதத்தில் அறிமுகமாகாத வீரர் ஆனார்.

விலை குறைந்தாலும் அவர் பிடித்திருந்த இடம் குறையவில்லை. கெய்க்வாட் முழங்கை காயத்தால் விலக, 43 வயதில் தோனி மீண்டும் தலைவரானார். 14 ஆட்டங்களில் நான்கு வெற்றி. ஐ.பி.எல். வரலாற்றில் முதன்முறையாகச் சென்னை கடைசி இடத்தில், பத்தாவதாக, நின்றது. ஒன்பதாவது ராஜஸ்தான்.

பரிமாற்றத்தின் கணக்கு

கீழே கிடந்த இரண்டு அணிகளும் பண்டம் மாற்றிக்கொண்டன. சாம்சன் அதே 18 கோடியில் வந்தார். ஜடேஜா தன் விலையை 14 கோடியாகக் குறைத்துக்கொண்டு, பதின்ம வயதில் தொடங்கிய அணிக்கே திரும்பினார். கரனின் விலை 2 கோடியே 40 லட்சம். அதுவரை சென்னை இந்தச் சந்தையில் அரிதாகவே இறங்கியிருந்தது. 2021இல் ராஜஸ்தானிடமிருந்து உத்தப்பாவை வாங்கியது குறிப்பிடத்தக்க ஒன்று, அதற்கும் ஈடாக வீரர் யாரையும் கொடுக்கவில்லை.

நிர்வாகம் சொன்ன காரணம், மேல்வரிசையில் ஓர் இந்திய மட்டையாளர் தேவை என்பது. ஆனால் சாம்சன் விக்கெட் கீப்பரும் கூட, ராஜஸ்தானை 2022 இறுதி ஆட்டம் வரை வழிநடத்தியவரும் கூட. வயது 31. அதாவது சென்னை தேடியது தோனிக்குப் பிறகான காலத்துக்கு ஒருவரை. அதற்குக் கொடுத்த விலை, 37 வயதை எட்டவிருந்த ஜடேஜா. தோனியை வைத்துக்கொண்டே தோனியின் மாற்றுக்கு இன்னொருவரால் விலை கொடுத்த கணக்கு இது. கிரிக்கெட் கணக்காக இது தவறில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. நியாயமா என்பது வேறு கேள்வி.

வேறு களங்களில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்களுக்கும் சான்று உண்டு. 1975இல் மில்வாக்கி அணி கரீம் அப்துல் ஜப்பாரை அவர் விருப்பப்படியே லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தது. 1971இல் அவரோடு வென்ற கோப்பைக்குப் பிறகு மில்வாக்கிக்கு அடுத்த கோப்பை 2021இல்தான் கிடைத்தது. மாறாக, 2007இல் கோபி பிரையன்ட் தன்னை வேறு அணிக்கு அனுப்பக் கேட்டபோது லாஸ் ஏஞ்சலஸ் மறுத்தது. சில மாதங்களில் பாவ் கசோலை அவருக்குத் துணையாகக் கொண்டுவந்து, 2009, 2010 இரண்டு ஆண்டும் வென்றது. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் 25 வயது லூக்கா டான்சிச்சை விற்றது. அதைச் செய்த மேலாளர் நிகோ ஹாரிசன், ஜடேஜா பரிமாற்றம் அறிவிக்கப்படுவதற்கு நான்கு நாள் முன்பு வேலையிழந்தார்.

ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே மோசமாக ஆடும் அணிக்குப் புதிய இளைஞர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. எனவே நட்சத்திரத்தை விற்று எதிர்காலத் தேர்வு உரிமைகளை வாங்கலாம். ஐ.பி.எல்.லில் அப்படி எதிர்காலத்தை வாங்க வழியில்லை, அடுத்த பெரிய ஏலம் அதைக் கலைத்துவிடும். இன்னொன்று, ஐ.பி.எல்.லில் வீரரின் ஒப்புதல் இன்றிப் பரிமாற்றம் நடக்காது. அமெரிக்காவில் பெரும்பாலான வீரர்களுக்கு அந்த உரிமை இல்லை. டான்சிச்சிடம் யாரும் கேட்கவில்லை. ஜடேஜா கையெழுத்திட்டுத்தான் போனார்.

ஐ.பி.எல்.லிலேயே எச்சரிக்கையும் இருந்தது. மும்பை 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியாவைக் குஜராத்திடமிருந்து வாங்கி, ரோகித் சர்மாவிடமிருந்து தலைமையை எடுத்து அவரிடம் கொடுத்தது. சொந்த மைதானத்திலேயே அவர் கேலிக் கூச்சலைக் கேட்டார். மும்பை 2024இல் கடைசி இடம்.

தமிழகத்தின் இன்னொரு அணியான தமிழ் தலைவாஸின் அனுபவம் வேறு வகை. 2022இல் கபடி ஏலத்தில் அப்போதைய சாதனை விலையான 2 கோடியே 26 லட்சத்துக்குப் பவன் செராவத்தை எடுத்து, அவரைச் சுற்றி அணி அமைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம், பருவமே முடிந்தது. எஞ்சிய இளைஞர்கள், குறிப்பாக நரேந்தர், அணியை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த பருவத்துக்கு முன் பவன் விடுவிக்கப்பட்டார். 2025இல் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்பி வந்து, பருவத்தின் நடுவிலேயே மீண்டும் பிரிந்தார்.

ஏலத்துக்குப் பின்

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்துக்குச் சென்னை பதிரானாவையும் விடுவித்துவிட்டே சென்றது. கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. சென்னை, இந்தியாவுக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14 கோடியே 20 லட்சம் கொடுத்தது. அறிமுகமாகாத வீரருக்கு அதுவரை யாரும் தராத விலை. பிரசாந்த் வீர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். இடது கை சுழல் பந்து வீசுவார், மட்டையும் பிடிப்பார். ஜடேஜா ராஜஸ்தானில் வாங்கப்போகும் சம்பளத்தைவிட அவர் விலை இருபது லட்சம் அதிகம். அதே காகிதத்தில் 'அறிமுகமாகாதவர்' என்ற தலைப்பின்கீழ், அவருக்கு மேலே, தோனியின் பெயரும் இருந்தது.