சூளை வீடான கதை

இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் என்னும் மாவட்டம் உள்ளது. செங்கல்லால் எழுப்பிய உருண்டைக் கோபுரங்களை அங்கே ஊர்ப்புறங்களில் காணலாம். அவற்றின்மேல் கூம்பு வடிவான ஓட்டுக் கூரை. கூரை முனையில் வெள்ளை வண்ணம் பூசிய மரமூடி. புதிதாகச் செல்வோர் இவற்றைக் காற்றாலைகளென்று கருதக்கூடும். பீர் என்னும் பானத்துக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூக்களை உலர்த்திய சூளைகள் இவை. ஓஸ்ட் என்பது இவற்றின் பெயர். இன்று இவற்றுள் பலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன.

மாணவர்களே, ஒரு கட்டடத்தின் வரலாற்றை அறிய விரும்பினால், அது செய்த தொழில் யாது என்று முதலில் கேளுங்கள். வகுப்பில் நான் ஓயாது கூறிவந்தது இதுவே. ஓஸ்டின் அடித்தளத்தில் நெருப்பு எரியும். அதற்கு வெகு உயரத்தில், இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்களின் மேல் குதிரை மயிரால் நெய்த துணியை விரித்து, அதன்மேல் பூவைப் பரப்புவார்கள். பச்சைப் பூவில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். சூடு மேலெழுந்து அந்த ஈரத்தைக் கவர்ந்து கூரை வழியே வெளியேறும். மரமூடியோ காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டித் தானே திரும்பிக்கொள்ளும். உலர்ந்த பூவை அடுத்த கட்டடத்தின் மாடியில் ஆறவிட்டு, நீண்ட சாக்குகளில் அழுத்தி அடைப்பார்கள். அறுவடைக் காலம் முடியும்வரை உலர்த்துவோருக்கு இரவிலும் சூளையருகிலேதான் படுக்கை.

உருண்டை வடிவம் பரவியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதில் வெப்பம் எங்கும் சமமாகப் பரவும் என்று நம்பினார்கள். பின்னர், சதுரச் சூளையும் அவ்வாறே உலர்த்துகிறது, கட்டுவதும் எளிது என்று கண்டு சதுரத்துக்கே திரும்பினார்கள். நாம் வியக்கும் அழகு, கைவிடப்பட்ட ஒரு நம்பிக்கையின் எச்சம்!

பூப் பறிக்க லண்டன் நகரத்து ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் வந்தன. நம் பீகாரில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லும் 1931இல் கென்ட்டில் ஹாப் பறித்தார். பிறகு பறிப்பதற்கு இயந்திரம் வந்தது. உலர்த்துவதற்குப் புதுமுறைகள் வந்தன. ஹாப் நிலமும் சுருங்கியது. சூளைகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

வேலையற்ற கட்டடம் விரைவில் இடிந்துவிடும். ஆதலால் அதில் ஒரு குடும்பம் குடியேறுவது நல்லதே என்பது என் கருத்து. ஆனால் வீட்டுக்கு வேண்டியதும் சூளைக்கு வேண்டியதும் ஒன்றல்ல. வீட்டுக்குச் சாளரம் வேண்டும். சூளையோ ஏறக்குறையச் சாளரமற்ற கூடு. வட்டச் சுவரை ஒட்டி அலமாரியை வைக்க முடியாது என்பது ஒரு சிறு தொல்லை. பெருந்தொல்லை வேறு. அறைகளைப் பெருக்குவதற்காகக் கோபுரத்தினுள் அடுக்கடுக்காகத் தளம் போட்டுவிட்டால், நெருப்பிலிருந்து மரமூடிவரை காற்று ஏறிய வழி மறைகிறது. வெளியே பார்ப்பவருக்கு ஓஸ்ட். உள்ளே இருப்பவருக்கு வெறும் வட்ட அறை. ஒரு கோபுரத்தையேனும் கூரைவரை திறந்து வைத்திருக்கும் வீடுகளையே நான் சிறந்தவை என்பேன்.

1947ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம் வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களைப் பட்டியலிட வழிசெய்தது. இங்கிலாந்தில் 2014இல் பண்ணைக் கட்டடங்களை வீடாக்கும் விதி தளர்த்தப்பட்டபோதும், பட்டியலில் உள்ளவற்றுக்கு அத்தளர்வு இல்லை. பட்டியலில் இடம்பெறாத ஓஸ்டின் கதி உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தது. சாக்குகளின்மேல் பண்ணையின் பெயரையும் ஆண்டையும் பதிக்கும் அச்சுத் தகட்டை, மையிட்டுச் சுவரில் ஒற்றிப் பார்ப்பது வழக்கம். சில ஓஸ்டுகளின் மாடிச் சுவரில் அந்தக் கறுப்பு எழுத்துகளும், தொழிலாளர் கிறுக்கிய கணக்குகளும் இன்னும் உள்ளன. புதுச் சுண்ணம் பூச வருகிற கொத்தனாருக்கு அவை வெறும் அழுக்கு. பூசுவதற்கு முன் அவரைச் சற்றே நிறுத்தி அவற்றைப் படித்துப் பார்க்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.