நீருக்குள் இறங்கும் உரிமை

1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கில், மலைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த மார்டேல் என்னும் சிற்றூரின் மூவொரு இறைவன் ஆலயத்தில் கடைசி வழிபாடு நடந்தது. கோவில் மிகச் சிறியது. உள்ளே இடம் கிடைத்தவர்கள் சிலரே. நூற்றுக்கணக்கானோர் வெளியே நின்றபடி மன்றாட்டில் பங்குகொண்டனர். அந்த ஆங்கிலிக்கன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் துயின்ற 97 பேருடைய எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு, ஷாப் என்னும் பக்கத்து ஊரில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. ஆலயமும் இடிக்கப்பட்டது. மான்செஸ்டர் நகருக்குக் குடிநீர் வேண்டுமென்று ஹாஸ்வாட்டர் ஏரியில் எழுப்பப்பட்ட அணை, நீர்மட்டத்தை ஏறத்தாழ 29 மீட்டர் உயர்த்தி அவ்வூரை விழுங்கியது.

நீச்சலின் வரலாற்றைச் சொல்ல வந்தவன் ஒரு கோவிலின் முடிவிலிருந்து தொடங்குவானேன் என்று வாசகர் கேட்கலாம். மலைநாட்டு நீர் யாருக்கு உரியது என்னும் கேள்வியே இவ்வரலாற்றின் உயிர்நாடி. அக்கேள்விக்கு மார்டேல் தரும் விடையைப் போல அப்பட்டமான விடை வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏரி மாவட்டம் என்று வழங்கப்படும் இப்பகுதி பரப்பில் சிறியதே. ஆயினும் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் விண்டர்மியர் ஏரியும், 79 மீட்டர் ஆழமுள்ள வாஸ்ட்வாட்டர் ஏரியும், பாறை இடுக்குகளில் எண்ணற்ற சுனைகளும் ஓடைகளும் அங்கே உண்டு. கட்டிய குளத்தில் அன்றி, இத்தகைய இயற்கை நீர்நிலைகளில் நீந்துவதை இன்றைய ஆங்கிலேயர் 'வைல்டு சுவிம்மிங்' என்கிறார்கள். காட்டு நீச்சல் என்று மொழிபெயர்த்தால் வேட்டையாடுவது போல ஒலிக்கிறது. புனலாட்டு என்னும் நம் பழஞ்சொல் எவ்வளவோ மேல்.

அந்த மலைநாட்டில் குளிர்நீருக்குள் இறங்கியவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று விளையாட்டைப் பற்றியதன்று, தவத்தைப் பற்றியது. புனித பீட் 731-ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றில் டிரித்தெல்ம் என்பவரைக் குறிப்பிடுகிறார். இறந்து மீண்டதாகக் கருதப்பட்ட அவர், ஏரி மாவட்டத்துக்கு வடகிழக்கே, இன்றைய ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்திலுள்ள மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்தார். மடத்தையொட்டி ஓடிய ஆற்றில், மாரிக்காலத்தில் உடைந்த பனிக்கட்டிகள் தம்மைச் சுற்றி மிதந்துசெல்ல, அவர் நின்று செபிப்பாராம். நனைந்த ஆடையைக் கழற்றாமல் உடற்சூட்டிலேயே உலர விடுவார் என்றும் பீட் எழுதியுள்ளார்.

துறவியர் தேடிச் சென்ற நீரைப் பிற்காலத்து அறிஞர் அஞ்சினர். 1571-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் எந்த ஆற்றிலும் குளத்திலும் இறங்கக் கூடாதென்று ஆணையிட்டது. மீறியவருக்குச் சாட்டையடி, மீண்டும் மீறினால் வெளியேற்றம். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எவரார்டு டிக்பி, 1587-இல் நீந்தும் கலையைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். மக்கள் ஆற்றில் மாண்டுபோவதைத் தடுக்க நீரைத் தடைசெய்வது வழியன்று, நீந்தக் கற்பிப்பதே வழி என்னும் எண்ணம் அந்நூலின் அடியில் ஓடுகிறது.

அச்சம் வெறும் மூடநம்பிக்கையும் அன்று. மலை ஏரிகளின் மேற்பரப்பு கோடையில் ஓரளவு இதமாக இருந்தாலும், ஆழத்து நீர் ஆண்டு முழுவதும் குளிர்ந்தே இருக்கும். மிகக் குளிர்ந்த நீரில் உடல் திடீரென்று அமிழும்போது மூச்சு தன் வசமின்றித் திணறி இழுக்கிறது; இதயம் படபடக்கிறது. அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் தலை நீருக்குள் இருந்தால், தேர்ந்த நீச்சல்காரனும் நீரையே உள்ளிழுப்பான். கரையேறிய பின்னும் ஆபத்து உடனே அகல்வதில்லை. உடலின் உட்சூடு மேலும் சிறிது நேரம் குறைந்துகொண்டே போகும். ஆகவேதான் பழகியவர்கள் மெல்ல இறங்கி, சீக்கிரம் ஏறி, உடனே உலர்ந்த துணி உடுத்துகிறார்கள்.

அச்சத்தை ஓரளவு தணித்தவர் லிச்ஃபீல்டு நகர மருத்துவரான ஜான் ஃபிளாயர். குளிர்நீராட்டு நோய் தீர்க்கும் என்று 1702-இல் நூல் எழுதிய அவர், குழந்தைகளை நீரில் முழுக்கித் திருமுழுக்குக் கொடுக்கும் பழைய வழக்கத்தை மீட்க வேண்டுமென்று 1722-இல் தனி நூலே வெளியிட்டார். முழுக்கை விட்டுத் தெளிப்புக்கு மாறியதால் மக்கள் குளிர்நீரின் நலனையும் இழந்தார்கள் என்பது அவர் வாதம். மருத்துவத்தையும் அருளடையாளத்தையும் இப்படி ஒரே தொட்டியில் கலந்ததைக் கண்டு நாம் புன்னகைக்கலாம். ஆனால் அவருடைய நூல்கள் பலரை நீருக்கு இழுத்தன என்பது உண்மை.

தவமும் மருந்தும் போய், மகிழ்ச்சி என்பது ஏரி மாவட்டத்தின் இலக்கியத்தில் நுழைந்தது வேர்ட்ஸ்வொர்த்தால். 1770-இல் டெர்வென்ட் ஆற்றங்கரையிலுள்ள காக்கர்மவுத்தில் பிறந்த அக்கவிஞர், ஐந்து வயதுச் சிறுவனாகக் கோடைப் பகல் முழுவதும் ஆற்றிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்ததைத் தம் தன்வரலாற்றுக் காவியத்தில் நினைவுகூர்கிறார். காணும் கண்ணும் உணரும் நெஞ்சும் உடையோர் யாவருக்கும் இந்த நிலத்தில் பங்குண்டு என்ற கருத்தைத் தம் வழிகாட்டி நூலில் வெளியிட்டவரும் அவரே. ஆனால் 1844-இல், ஆலைத் தொழிலாளரை ஏற்றிவரக்கூடிய இருப்புப்பாதை விண்டர்மியர் நோக்கி வரவிருந்தபோது, அதை எதிர்த்து எழுதினார். கற்றவருக்கு விளங்கும் அழகு கூட்டத்துக்கு விளங்காது என்று அவர் எண்ணினார் போலும். இவ்விடத்தில் கவிஞர் என்னை ஏமாற்றிவிடுகிறார். 1847-இல் தொடர்வண்டி வந்தது, தொழிலாளரும் வந்தனர்.

அவர்கள் வந்த சில பத்தாண்டுகளில் அவர்களுடைய நகரமும் வந்தது, நீரை எடுத்துப்போக. தெர்ல்மியர் ஏரியை நீர்த்தேக்கமாக்க மான்செஸ்டர் 1879-இல் சட்டம் பெற்றது. 1894-இல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து அந்நீர் நகரை அடைந்தது. நகரத்தைக் கொடியதென்று சொல்லிவிடுவது எளிது. நெரிசலான சந்துகளில் தூய நீரின்றி நோயுற்ற ஏழைகளுக்கு அது உயிர்நீர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆயினும் அந்தப் பூசலின் நினைவு ஆறவில்லை. கெஸ்விக்கை அடுத்த குரோஸ்துவெயிட்டில் பங்குக் குருவாயிருந்த ஆங்கிலிக்கன் அருள்பணியாளர் ஹார்ட்விக் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் ஆகியோருடன் சேர்ந்து 1895-இல் தேசிய அறக்கட்டளையை நிறுவினார். நிலமும் ஏரியும் பொதுமக்களுக்காகக் காக்கப்பட அது வழிசெய்தது.

சட்டம் மட்டும் நீரின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டது. 1932-இல் கிண்டர் ஸ்கவுட் மலைமேல் தடையை மீறி நடந்தவர்களுள் ஐவர் சிறை சென்றனர். அந்த நீண்ட போராட்டத்தின் பயனாக, மலைகளிலும் கரம்பு நிலங்களிலும் காலால் நடக்கும் உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வழங்கியது. ஆனால் அதே சட்டத்தின் இணைப்பு, கடலேற்றம் எட்டாத நீர்நிலைகளில் நீராடுவதை அவ்வுரிமையிலிருந்து நீக்கியது. நாள் முழுதும் மலையேறி வியர்த்தவன் சுனைக்கரையில் உட்காரலாம். உள்ளே இறங்கினால், உரியவரின் இசைவோ பழைய வழக்கமோ இல்லாதவரை, சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவன். எல்லைக்கு வடக்கே, ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஏரிகளையும் ஆறுகளையும் சேர்த்தே பொறுப்புள்ள மக்களுக்குத் திறந்துவிட்டது. மலையும் மழையும் ஒன்றே, சட்டம் வேறு.

1999-இல் ரோஜர் டீக்கின் என்னும் எழுத்தாளர், பிரிட்டனின் ஆறு, ஏரி, கடல்களில் நீந்திச் சென்ற தம் பயணத்தை நூலாக்கினார். அதன்பின் பல்லாயிரவர் மீண்டும் இயற்கை நீரை நாடினர். நாடியவர்கள் வேறொன்றையும் கண்டனர். விண்டர்மியரில் கோடைதோறும் நீலப்பச்சைப் பாசி படரும் அச்சம். கழிவுநீரும் மலத்தொட்டிகளும் சேர்க்கும் பாஸ்பரஸ் அப்பாசிக்கு உணவாகிறது. யார்க்‌ஷயரின் இல்க்லி நகரில் வார்ஃப் ஆற்றின் ஒரு பகுதி, 2020-இல் இங்கிலாந்தின் முதல் அதிகாரப்பூர்வ ஆற்று நீராடுதுறையாக அறிவிக்கப்பட்டது. அறிவிக்கப்பட்டால் நீரைச் சோதித்தே ஆகவேண்டும் என்பதற்காகவே ஊரார் அதைக் கேட்டுப் பெற்றனர். அடுத்த ஆண்டில் வந்த முடிவு: நீர் மோசம். நீந்துவோர் இறங்கியிராவிட்டால் அந்த அழுக்கை யார் அளந்திருப்பார்கள்?

ஹாஸ்வாட்டரில் இன்றும் நீந்த அனுமதி இல்லை. நீர் இழுக்கும் குழாய்களும் திடீர் ஆழமும் உயிருக்கு ஆபத்து என்பது காரணம், அது பொய்யன்று. ஏரிக்கரையில் குடிநீரை எடுப்பதற்கென ஒரு கல் கோபுரம் நிற்கிறது. இடித்த மார்டேல் ஆலயத்தின் கற்களையும் சாளரங்களையும் அதில் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1984, 1995 போன்ற வறட்சி ஆண்டுகளில் நீர் வற்றியபோது, ஊரின் மதிற்சுவர்களும் சிறு கல்பாலமும் சேற்றுக்கு மேலே தெரிந்தன. மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து, நீந்த முடியாத அந்த ஏரியின் அடித்தரையில் நடந்து, பாலத்தின் மேல் ஏறி நின்று பார்த்தனர். மழை பெய்ததும் பாலம் மறைந்தது.