மூட்டைக்கு எத்தனை லிட்டர்?

எங்கள் வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போட்ட அன்று, மேஸ்திரி மிக்சரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். "அளவு என்னண்ணே?" என்றேன். "அளவெல்லாம் பார்த்தா ஆகாது சார், இளக்கமா இருந்தாத்தான் கம்பிக்குள்ள இறங்கும்" என்றார். நான் சிவில் படித்தவன் இல்லை, பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி தேட உட்கார்ந்ததில் கிடைத்த பெயர்தான் டஃப் ஏப்ரம்ஸ்.

நூறு வருஷத்துக்கு முன்பு பொறியாளர்களும் கலவையை 1:2:4 என்றுதான் சொல்வார்கள். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. தண்ணீருக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. வலு வேண்டுமா, சிமெண்டைக் கூட்டு, அவ்வளவுதான். பிரான்சில் ரெனே ஃபெரே மட்டும் 1890களிலேயே, சாந்துக்குள் தண்ணீரும் காற்றும் பிடித்துக்கொள்ளும் இடத்தைப் பொறுத்தே வலு அமைகிறது என்று காட்டியிருந்தார்.

ஏப்ரம்ஸ் சிகாகோவில் லூயிஸ் இன்ஸ்டிடியூட் சோதனைக்கூடத்தில் இருந்தவர். சுமார் 50,000 சோதனைகளுக்குப் பிறகு 1918ல் அவர் சொன்னது இதுதான்: வேலை செய்ய வருகிற கலவையாக இருந்தால், மணல் ஜல்லி விகிதம் எப்படி இருந்தாலும், வலுவைத் தீர்மானிப்பது தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே. அவருடைய சூத்திரத்தில், 14,000ஐ 7ன் அடுக்கால் வகுக்க வேண்டும். அந்த அடுக்குதான் கன அளவில் தண்ணீர்-சிமெண்ட் விகிதம். விடை சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று வரும்.

போட்டுப் பார்த்தேன். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் எடையில் விகிதம் 0.5. வலு சுமார் 3,200. கூட 5 லிட்டர் ஊற்றினால் 0.6. வலு சுமார் 2,400. கால் பங்கு போச்சு! இன்றைய சிமெண்டுக்கு எண்கள் மாறும், ஆனால் வலு இறங்கும் போக்கு அதேதான்.

காரணம் எளிது. சிமெண்ட் வேதிவினையில் பிடித்துக்கொள்வது தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரைத்தான். மிச்சத்தில் பெரும்பகுதி ஆவியாகிப் போய், அந்த இடத்தில் நுண்துளைகள் நிற்கும். பிறகு அந்த வழியாகத்தான் ஈரம் கம்பிக்குப் போகும்.

இன்னொரு விஷயம், மணலே தண்ணீர் கொண்டுவரும். மூட்டைக்கு 75 கிலோ மணல், அதில் 4 சதவீதம் ஈரம் என்றால் 3 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 25 வேண்டுமென்றால் 22தான் ஊற்றணும்.

மேஸ்திரி சொன்னதிலும் நியாயம் உண்டு. கலவை கம்பிக்குள் இறங்காவிட்டால் பொந்து விழும். அதற்கு வழி வெறும் தண்ணீர் இல்லை. பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம், அல்லது தண்ணீரோடு சிமெண்டையும் அதே விகிதத்தில் கூட்டலாம்.

மாடிக்குப் போட்டபோது அளவு வாளி வாங்கிக் கொடுத்தேன். மேஸ்திரி சிரித்தார், ஆனால் அளந்துதான் ஊற்றினார். கீழ்க்கூரைக்குள் எத்தனை லிட்டர் போனது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் தூங்குவது அதன் கீழேதான்.