திருநம்பிகளின் பாலின மகிழ்வு

பிறப்பில் பெண் எனப் பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிகள், தம்மை ஆணாக உணரும்போதும் பிறர் அவ்வாறே ஏற்கும்போதும் அடையும் நிறைவு பாலின மகிழ்வு எனப்படும். மருத்துவ நூல்கள் நெடுங்காலம் இவர்களின் வேதனையையே எழுதிவந்தன. மகிழ்ச்சியைக் கேட்டு எழுதியவர்கள் குறைவு. அமெரிக்கத் திருநம்பி லூ சல்லிவன் (1951–1991) அதைத் தம் நாட்குறிப்புகளில் எழுதிவைத்தார். அவை 2019-ல்தான் நூலாயின.

தமிழ்நாட்டில் இம்மகிழ்ச்சி பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் வாயிலிருந்தே வருகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை டீக்கடையிலும் பூந்தமல்லி பேருந்து நிலையத்திலும் உறவுமுறை சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்ற அதட்டல்கூட ஒரு திருநம்பிக்கு இனிக்கும். 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஆவடியில் ஏறியவரிடம் நடத்துநர் இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டாமல், "எங்க தம்பி?" என்று காசுக்குக் கை நீட்டினால், அந்தக் காசை மனநிறைவோடு கொடுக்கலாம். சலூனில் முதல் முகச்சவரமும் அப்படித்தான். எல்லாவற்றிலும் அரிது, வீட்டில் அம்மா "சாப்பிட வாடா" என்பது. பலருக்கு அது ஆண்டுகள் கழித்தே வாய்க்கிறது. சிலருக்கு வாய்ப்பதே இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கிய சில மாதங்களில் பொதுவாக மாதவிடாய் நின்று, குரல் தடிக்கும். மீசை மெல்ல அரும்பும். தடித்த குரல் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. மார்பைத் தட்டையாகக் காட்டும் உள்ளாடையை அணிந்து, சட்டை விரும்பியபடி விழுவதைக் கண்ணாடியில் பார்ப்பது பெரிய ஆறுதல். ஆனால் இறுக்கிக் கட்டிக்கொண்டே நாளெல்லாம் இருந்தால் விலா வலிக்கும், மூச்சுத் திணறும். பாலினத்தை உறுதிசெய்யும் அறுவை சிகிச்சையைத் தமிழ்நாட்டின் சில அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெறலாம். சிகிச்சை எதுவும் வேண்டாதவர்களும் திருநம்பிகளே. அவர்களின் மகிழ்ச்சி எந்த வகையிலும் குறைந்ததல்ல.

தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில் ஏற்றது. பால்புதுமையினரை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடைசெய்ய 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 2020 விதிகள் மாவட்ட ஆட்சியர் வழியே அடையாளச் சான்று பெற வகைசெய்தன. ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அது திருவள்ளூர் ஆட்சியர். 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்த அம்பத்தூருக்குச் சென்னை ஆட்சியர். தானே தேர்ந்த பெயர் அரசு அட்டையில் அச்சாகி வரும் நாளைப் பலர் பிறந்தநாள்போலக் கொண்டாடுகிறார்கள்.